சேமக்கலத்தின் வரவு செலவு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

பாட்டும் நாடகமும் குழந்தைகளின் மாறுவேடப் போட்டியும் நிறைந்த இவ்விழா நாளில், கார் பாட்டரியைப் பற்றிப் பேச நாம் எழுந்து நிற்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் நம் காலனியை ஒரு முறை சுற்றி வந்தவர்களுக்கு வியப்பு இராது. ஏதேனும் ஒரு வீட்டு வாசலில், பானெட்டைத் திறந்து வைத்து, கைகளைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டு நால்வர் நிற்பார்கள். ஒருவர் சாவியைத் திருப்புவார், வண்டி முனகும். "பாட்டரி போய்விட்டது" என்று மற்றொருவர் தீர்ப்புக் கூறுவார். அன்று மாலையே கரோல் பாக்கிலோ காஷ்மீரி கேட்டிலோ புதிய பாட்டரி ஒன்று விலைக்கு வாங்கப்படும். சில மாதங்கள் கழித்து அதே வீட்டு வாசலில் அதே நால்வர் மீண்டும் நிற்பார்கள்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது நம் நாட்டுப் பழமொழி. வண்டியின் மின்சாரக் கோளாறுகள் பலவற்றுக்கும் அது நன்கு பொருந்தும். பழியைச் சுமப்பது பாட்டரி. பாவம் செய்தது வேறொன்று. அந்த வேறொன்றை விசாரியாமல் பாட்டரியை மட்டும் மாற்றுகிறவர், ஓட்டையை அடைக்காமல் குடத்தில் மீண்டும் நீர் நிரப்புகிறவரை ஒப்பார். இன்று நாம் சொல்ல வந்த செய்தி இஃது ஒன்றே.

இதில் கெடுவது பணம் மட்டும் அன்று. சொந்த ஊரில் இருந்தால் நடுநிசியில் ஆபத்து என்று வந்தாலும் அண்ணன் வண்டி, மாமன் வண்டி என்று ஏதேனும் ஒன்று கிடைத்துவிடும். பிழைப்பு நாடி இத்தலைநகரில் வந்து குடியேறிய நமக்கு அண்டை வீட்டாரே அண்ணனும் மாமனும். முதியவர் ஒருவருக்கு மூச்சுத் திணறும் இரவில், வாசலில் நிற்கும் வண்டி கிளம்ப மறுத்தால் அதன் பொருள் என்ன என்பதை இங்கே கூடியிருக்கும் குடும்பத்தினருக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

முதலில் பாட்டரி என்பது யாது என்று பார்ப்போம். தமிழில் அறிவியல் எழுதிய பெரியோர் அதற்குச் சேமக்கலம் என்று பெயரிட்டனர். அப்பெயரிலேயே அதன் இயல்பு அடங்கியிருக்கிறது. அது மின்சாரத்தைத் தானே சம்பாதிப்பதில்லை. பிறர் சம்பாதித்துக் கொடுத்ததைச் சேமித்து வைத்துக் கேட்கும்போது கொடுக்கிறது. வீட்டில் அரிசிக் குதிர் எப்படியோ, வண்டியில் பாட்டரி அப்படி.

1859ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு அறிஞர் காஸ்டன் பிளாண்டே, ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் அமிழ்த்தி முதல் ஈயச் சேமக்கலத்தைச் செய்தார். 1881ஆம் ஆண்டில் கமில் ஃபோர் என்பவர் தகடுகளின் மேல் ஈயக் கலவையைப் பூசும் முறையைக் கண்டு அதன் கொள்ளளவை மிகுத்தார். நம் கார்களுள் இருப்பது இன்றும் அந்தக் குலத்தைச் சேர்ந்ததே. ஆறு அறைகள், ஒவ்வொன்றும் 2 வோல்ட்டுக்குச் சற்று மேல், ஆக மொத்தம் 12 வோல்ட் பாட்டரி என்கிறோம். மின்சாரம் வெளியே செல்லும்போது இருவகைத் தகடுகளின் மேலும் ஈய சல்பேட் என்னும் உப்புப் படிகிறது. அமிலம் நீர்த்துப் போகிறது. மின்சாரத்தை உள்ளே செலுத்தினால் அவ்வுப்பு கரைந்து பழைய நிலை திரும்புகிறது. உப்புப் படிந்த நிலையிலேயே நெடுநாள் விட்டுவிட்டால், அது இறுகிக் கல்லாகித் தகட்டை மூடிவிடும். பின்னர் எவ்வளவு மின்சாரம் செலுத்தினாலும் முழுதும் கரையாது. பாட்டரியைக் காலியாகக் கிடக்க விடலாகாது என்று சொல்வதன் காரணம் இதுவே.

ஆதிகாலத்து வண்டிகளை முன்புறம் கைப்பிடியைச் செருகிச் சுழற்றிக் கிளப்பினார்கள். பலருடைய மணிக்கட்டை முறித்த அவ்வேலைக்கு மாற்றாக, அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சாரக் கிளப்பி 1912ஆம் ஆண்டின் காடிலாக் வண்டிகளில் வந்தது. நம் மெக்கானிக்குகள் 'செல்ஃப்' என்று அழைப்பது அதைத்தான். நம் நாட்டில் உத்தரபாராவில் செய்யப்பட்டு 2014ஆம் ஆண்டில் நின்றுபோன அம்பாசடர் வண்டியின் பழைய மாதிரிகளில் கைப்பிடிக்கும் இடம் வைத்திருந்தார்கள். செல்ஃப் கைவிட்டால் கை உதவியது. இன்றைய வண்டியிலோ பெட்ரோலை இறைக்கும் பம்பு, அதை அளந்து விடும் கணிப்பொறி, பொறியை மூட்டும் சுருள் யாவும் மின்சாரத்தையே நம்பி நிற்கின்றன. பாட்டரி அறவே காலியானால் நான்கு பேர் தள்ளினாலும் வண்டி உயிர் பெறாது. ஆட்டோமாட்டிக் கியர் வண்டியைத் தள்ளிக் கிளப்பவே இயலாது. ஆதலின் பழைய நாளைவிட இன்று இதைப் பற்றிய அறிவு அதிகமாக வேண்டியிருக்கிறது.

இனி வரவு செலவுக் கணக்கிற்கு வருவோம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் பாட்டிமார் சொல்வார்கள் அன்றோ? பாட்டரியின் கணக்கும் அளந்தால் விளங்கிவிடும்.

செல்ஃப் மோட்டார் ஒரு கணம் சுழல்வதற்கு 100 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும். பயங்கரமான செலவு என்று தோன்றும். ஆனால் அது நீடிப்பதோ இரண்டு விநாடி. 150 ஆம்பியர் வீதம் 2 விநாடி என்றால், ஓர் ஆம்பியர்-மணியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. என்ஜின் ஓடத் தொடங்கியதும் ஆல்டர்னேட்டர் என்னும் மின் ஆக்கி வரவைக் கொடுத்து, அச்செலவைச் சில நிமிடங்களில் ஈடு செய்துவிடும். ஆகவே வண்டியைக் கிளப்புவதால் பாட்டரி ஏழையாவதில்லை.

ஏழையாக்குவது சிறு கசிவு. வண்டி பூட்டி நிற்கும்போதும் கடிகாரம், திருட்டு எச்சரிக்கை மணி, சாவியின் ஓசையைக் கேட்கக் காத்திருக்கும் கருவி முதலியன சொட்டுச் சொட்டாக மின்சாரம் பருகிக்கொண்டே இருக்கின்றன. 50 மில்லி ஆம்பியர் வரை இது போவது பொதுவாகப் பொறுக்கத்தக்கது என்பர். 50 மில்லி ஆம்பியர் என்பது ஓர் ஆம்பியரில் இருபதில் ஒரு பங்கு. ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. முப்பது நாளைக்கு 36 ஆம்பியர்-மணி. நம்மிற் பலர் வைத்திருக்கும் சிறிய கார்களின் பாட்டரியோ 35 ஆம்பியர்-மணிதான்!

மே மாதத்தில் பள்ளிக்கூடம் மூடியதும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறி, ஒரு மாதம் ஊரில் இருந்து மாம்பழமும் கல்யாணச் சாப்பாடும் உண்டு திரும்பும் குடும்பங்கள் இங்கே எத்தனை! திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் வண்டி வாய் திறப்பதில்லை. உடனே பாட்டரியின் மேல் குறை. அது என்ன செய்யும்? ஒரு பைசா வரவில்லாமல் முப்பது நாள் செலவு செய்திருக்கிறது. கசிவு 20 மில்லி ஆம்பியராகவே இருந்தாலும் பாட்டரி ஐந்தில் இரண்டு பங்கு வற்றிப் போகும். அதுவும் டெல்லியின் மே மாதத்து வெய்யிலில்.

வெய்யிலைப் பற்றிக் கூறியாக வேண்டும். குளிர்தான் பாட்டரியின் பகை என்று நாம் எல்லோரும் எண்ணுகிறோம். ஏனெனில் வண்டி நிற்பது குளிர்காலத்தில். உண்மையில் பாட்டரியின் ஆயுளைத் தின்பது கோடையே. வெப்பம் ஏறத்தாழ 10 டிகிரி ஏறுந்தோறும் உள்ளே நிகழும் அழிவு இருமடங்கு விரைவாகும் என்பது பொறியாளர் கொள்ளும் தோராயக் கணக்கு. நிழலிலேயே 45 டிகிரியைத் தொடும் நாட்களில் பானெட்டுக்கு அடியில் எவ்வளவு இருக்கும்! உள்ளிருக்கும் நீர் வற்றுகிறது. தகடுகளின் சட்டங்கள் அரிக்கப்படுகின்றன. ஆயினும் வெப்பத்தில் என்ஜின் எண்ணெய் இளகியிருப்பதால் நலிந்த பாட்டரியும் வண்டியை எப்படியோ கிளப்பிவிடுகிறது. ஜனவரி மாதத்தில் வெப்பம் 4 டிகிரிக்கு இறங்கும்போது எண்ணெய் கெட்டியாகிறது. பாட்டரியின் இரசாயன வேகமும் குறைகிறது. சுமை கூடிய வேளையில் வலிமை குறைந்துவிட, வண்டி நின்றுவிடுகிறது. கோடையில் விழுந்த அடி குளிரில் வலிக்கிறது. எனவே பாட்டரியைச் சோதிக்கத் தக்க காலம் ஐப்பசி மாதம். தை பிறந்தபின் சோதிப்பது வெள்ளம் வந்தபின் அணை கோலுவது போலாகும்.

நம் காலனியிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறோம். அன்பர் ஒருவர் அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிறார். வாரநாட்களில் மெட்ரோ ரயிலில் அலுவலகம் போய் வருவார். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மலைமந்திருக்குப் போக மட்டுமே காரை எடுப்பார். ஓராண்டுக்குள் அவர் இருமுறை பாட்டரி மாற்றிவிட்டார். வொர்க்‌ஷாப்பில் ஒவ்வொரு முறையும் பாட்டரி சரியில்லை என்றே சொல்லியனுப்பினார்கள். மூன்றாம் முறை வண்டி நின்றபோது அவர் நம்மிடம் வந்தார்.

பாட்டரிக்கு முழு மின்னேற்றம் செய்தபின், வண்டியைக் கிளப்பி மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தோம், 14.2 வோல்ட் காட்டியது. ஆகவே ஆல்டர்னேட்டரிடம் குற்றமில்லை. வரவு சரியாக இருக்கிறது. வண்டியை நிறுத்திப் பூட்டி அரைமணி நேரம் பொறுத்து, கழற்றிய நெகட்டிவ் கம்பிக்கும் பாட்டரிக்கும் இடையே ஆம்பியர் அளவியைத் தொடுத்தோம். 0.4 ஆம்பியருக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. பொறுக்கத்தக்க கசிவைப் போல எட்டு மடங்கு! பின்னர் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்ததில், உள் விளக்குகளுக்குரிய ஃபியூஸைப் பிடுங்கியதும் ஓட்டம் நின்றது. வண்டிக்குள்ளோ ஒரு விளக்கும் எரியவில்லை. மிஞ்சியது டிக்கி விளக்கு ஒன்றே. மூடிய டிக்கிக்குள் எரிகிறதா என்று எப்படிக் காண்பது? அன்பருடைய மகள், கல்லூரி மாணவி, தன் கைப்பேசியில் படம் பிடிக்கும் கருவியை ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடினாள். எடுத்துப் பார்த்தால் உள்ளே பட்டப்பகல் போல் வெளிச்சம்! விளக்கை அணைக்கும் பொத்தான் சில நாள் வேலை செய்யும், சில நாள் சிக்கிக்கொள்ளும். 5 வாட் விளக்கு நாளொன்றுக்கு 10 ஆம்பியர்-மணி தின்னும். ஞாயிறு இரவு பூட்டிய வண்டி வியாழனன்று வற்றிவிடும். வற்றி வற்றி, இரண்டு நல்ல பாட்டரிகள் கெட்டுப்போயின. பொத்தானை மாற்றச் செலவானது சில நூறு ரூபாய். மூன்றாவது பாட்டரி இன்றும் நன்றாக உழைக்கிறது.

எல்லோரும் ஆம்பியர் அளவியைக் கையாள வேண்டும் என்று நாம் கூறவில்லை. அது பழகியவர் செய்யும் வேலை. புதிய பாட்டரி வாங்கச் சொல்லும் மெக்கானிக்கிடம் மூன்று கேள்விகளைக் கேட்க எவராலும் இயலும். பாட்டரியை மின்னேற்றம் செய்தபின் சோதித்தீர்களா? என்ஜின் ஓடும்போது எத்தனை வோல்ட் வருகிறது? வண்டி நிற்கும்போது எவ்வளவு கசிகிறது? இம்மூன்றுக்கும் எண்ணால் விடை வந்தபின் பணப்பையைத் திறவுங்கள்.

அவ்வெண்களின் பொருளையும் கூறிவிடுகிறோம். வண்டியைச் சில மணி நேரம் நிறுத்தியபின் அளந்தால், 12.6 வோல்ட்டும் அதற்கு மேலும் இருந்தால் நிறைவு, 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் அரை. 12க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. என்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். சில புதிய வண்டிகளில் கணிப்பொறி இதை ஏற்றி இறக்கும். 13க்குக் கீழேயே நின்றால் வரவு போதாது. 15ஐத் தாண்டினால் வரவு மிஞ்சிப் பாட்டரி வெந்துபோகும்.

கருவி இல்லாதவர்க்குக் காது உண்டு. சாவியைத் திருப்பும்போது 'டக் டக் டக்' என்று விரைவாக ஒலித்து விளக்குகள் மங்கினால், பாட்டரி வற்றியிருக்கிறது, அல்லது டெர்மினல் தளர்ந்திருக்கிறது. 'டக்' என்று ஒரே ஓசை கேட்டு விளக்குகள் பிரகாசமாகவே இருந்தால், செல்ஃப் மோட்டார்ப் பக்கம் பார்க்க வேண்டும். ஓசையும் இல்லை, விளக்கும் இல்லை என்றால் இணைப்பு எங்கோ அறுந்திருக்கலாம். ஓசை இல்லாமல் விளக்கு மட்டும் நன்றாக எரிந்தால், கிளட்சை முழுதும் மிதித்தோமா, ஆட்டோமாட்டிக் வண்டியாயின் கியர் உரிய இடத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

டெர்மினலில் வெள்ளையாகவும் பச்சையாகவும் பூத்திருக்கும் உப்பு பலருடைய கண்ணில் படுகிறது, கருத்தில் படுவதில்லை. அது மின்சாரத்துக்குத் தடைச்சுவர். கையுறை அணிந்து, ஆப்ப சோடாவை நீரில் கரைத்துத் தடவிக் கழுவி, நன்றாகத் துடைத்து இறுக்கியபின் மேலே வாஸ்லின் பூசினால் போதும். கழற்றும்போது முதலில் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதை இறுதியில் மாட்ட வேண்டும். பாஸிட்டிவ் முனையில் இருக்கும் ஸ்பானர் வண்டியின் உடம்பில் பட்டால் தீப்பொறி பறக்கும் என்பதே இவ்வரிசையின் காரணம்.

தீப்பொறி என்றதும் எச்சரிக்கை ஒன்று கூற வேண்டும். மின்னேறும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். ஒரு பொறி போதும், பாட்டரி வெடித்து அமிலம் முகத்தில் தெறிக்க. அண்டை வீட்டுக் காரிலிருந்து ஜம்பர் கம்பி போட்டுக் கிளப்பும்போது இதை மறக்கலாகாது. இரு வண்டிகளும் ஒன்றையொன்று தொடாமல், என்ஜின் நிறுத்தி நிற்கட்டும். சிவப்புக் கம்பியின் ஒரு முனை வற்றிய பாட்டரியின் பாஸிட்டிவில், மறுமுனை நல்ல பாட்டரியின் பாஸிட்டிவில். கறுப்புக் கம்பியின் ஒரு முனை நல்ல பாட்டரியின் நெகட்டிவில். அதன் மறுமுனையை வற்றிய பாட்டரியில் மாட்டாமல், அதற்குத் தள்ளி, கிளம்பாத வண்டியின் என்ஜினில் பெயிண்ட் இல்லாத இரும்பில் மாட்ட வேண்டும். கடைசிப் பொறி அங்கே பறக்கட்டும் என்பது கருத்து. பிறகு நல்ல வண்டியைக் கிளப்பிச் சில நிமிடம் ஓடவிட்டு, அதன்பின் மற்றதைக் கிளப்புக. கழற்றுவது நேர் எதிர் வரிசையில். குழந்தைகள் அருகில் நிற்கக் கூடாது. சிகரெட் கூடவே கூடாது. அமிலம் கண்ணில் பட்டால் கால்மணி நேரமாவது ஓடும் நீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் விரைக. வீட்டு இன்வர்ட்டர் பாட்டரிக்கும் இவ்வெச்சரிக்கைகள் உண்டு. அதில் ஊற்ற வேண்டியது பாட்டரித் தண்ணீர். குழாய்த் தண்ணீர் ஆகாது.

கம்பி போட்டுக் கிளப்பியவுடன் கவலை தீர்ந்தது என்று எண்ண வேண்டாம். வாசலிலேயே பத்து நிமிடம் உறுமவிட்டு நிறுத்தினால், புகை மிஞ்சுமேயன்றி மின்சாரம் மிஞ்சாது. வற்றிய பாட்டரி நிறைவதற்குப் பல மணி நேரம் வேண்டும்; மின்னேற்றும் கருவியில் இடுவதே சிறந்தது.

ஓடும்போது பாட்டரிச் சின்னமுள்ள சிவப்பு விளக்கு எரிந்தால், வரவு நின்றுவிட்டது என்று பொருள். ஏ.சி., ரேடியோ முதலியவற்றை அணைத்துவிட்டு, என்ஜினை நிறுத்தாமல் அருகிலுள்ள வொர்க்‌ஷாப்பை அடைய வேண்டும். ஆனால் என்ஜின் சூடு ஏறுவதையும் உடன் கண்டால், பெல்ட் அறுந்து நீர் பம்பும் நின்றிருக்கக்கூடும். அப்போது ஓரங்கட்டி உடனே நிறுத்திவிடுக.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. வண்டிக்கு அலங்காரம் செய்யும் ஆசை உங்களுக்கு இருக்கிறது. அதை நாம் குறை கூறவில்லை. 60 வாட் முகப்பு விளக்கு இருந்த இடத்தில் 100 வாட் விளக்கைப் பொருத்தினால், மின்னோட்டம் 5 ஆம்பியரிலிருந்து 8 ஆம்பியருக்கு மேல் ஏறும். கம்பியில் பிறக்கும் வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது, ஏறத்தாழ 2.8 மடங்காகிறது. ரிலேயும் தக்க கம்பியும் இல்லாமல், கம்பியின் தோலைச் சுரண்டி ஒட்டுப்போட்ட வேலை ஒருநாள் புகையும். ஃபியூஸ் எரிந்தால் அது தன் கடமையைச் செய்தது என்று அறிக. சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. எரிந்த ஃபியூஸின் இடத்தில் அதே அளவுள்ளதையே இட வேண்டும். பெரியதை இடுவதும், சிகரெட் தாள் சுற்றி வைப்பதும், காவற்காரனைக் கட்டிப்போட்டுக் கதவைத் திறந்து வைப்பதாகும்.

பாட்டரி உண்மையிலேயே முடிந்துபோனால் வாங்கத்தான் வேண்டும். வாங்கும்போது அதன்மேல் பொறித்துள்ள உற்பத்தி மாதத்தை விசாரியுங்கள். கடையில் நெடுநாள் கிடந்ததும் வற்றியதே. உத்தரவாதச் சீட்டில் இரு பகுதிகள் இருப்பதுண்டு. முதற்காலத்தில் பழுதானால் இலவச மாற்று. பிற்காலத்தில் விலையில் ஒரு தள்ளுபடி மட்டும். இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்லும்போது செவிசாய்த்துவிடாமல் பிரித்துக் கேளுங்கள்.

பழைய பாட்டரியை என்ன செய்வது என்பது நம் எல்லோருக்கும் பொதுவான கடமை. அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். தெருவில் கூவி வருகிறவருக்குப் போட்டால் சில ரூபாய் கூடக் கிடைக்கலாம். அது போய்ச் சேரும் இடத்தில், அமிலத்தைச் சாக்கடையில் கொட்டி, திறந்த அடுப்பில் ஈயத்தை உருக்கினால், அப்புகையைச் சுவாசிப்பவர் அங்கே விளையாடும் ஏழைக் குழந்தைகள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை தீங்கில்லை என்று கூறத்தக்க அளவு ஒன்றும் அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மத்திய அரசின் 2022ஆம் ஆண்டுப் பாட்டரிக் கழிவு விதிகள், பழையவற்றைத் திரும்பப் பெற்றுத் தக்க முறையில் மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர் மேல் சுமத்தியிருக்கின்றன. நாம் செய்ய வேண்டியது, புதியது வாங்கும் அங்கீகரித்த கடையிலேயே பழையதைக் கொடுத்து, விலையில் கழித்துக்கொள்வது.

இனி மின்சாரக் கார் வந்துவிட்டதே, இக்கவலை ஒழிந்ததன்றோ என்று சிலர் கேட்கலாம். அவற்றுள் பெரும்பாலானவற்றிலும் பெரிய பாட்டரியோடு கூட ஒரு சிறு 12 வோல்ட் பாட்டரி இருக்கிறது. கதவுப் பூட்டையும் கணிப்பொறியையும் எழுப்புவது அதுவே. அது வற்றினால், பெரிய பாட்டரி நிறைந்திருந்தும் வண்டி அசையாது. குதிர் நிறைய நெல்லிருந்தும் சாவி தொலைந்த கதைதான். செம்மஞ்சள் நிறக் கம்பிகள் உயர் மின்னழுத்தம் உடையவை; அவற்றை எவரும் தொடலாகாது. அத்தகைய வண்டியிலிருந்து பிறர் வண்டிக்குக் கம்பி போடுமுன் கையேட்டைப் பார்க்க வேண்டும். பல உற்பத்தியாளர் அதைத் தடுத்திருக்கிறார்கள்.

முடிவாகச் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். தடித்த ஜம்பர் கம்பி ஒரு ஜோடியும் மல்டிமீட்டர் ஒன்றும் மின்னேற்றும் கருவி ஒன்றும் வாங்கிச் சங்க அலுவலகத்தில் வைப்போம். நான்கு இளைஞர்கள் அவற்றைக் கையாளக் கற்றுக்கொள்ளட்டும்; கற்றுக்கொடுக்க நாம் காத்திருக்கிறோம். ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலனியின் வண்டிகள் எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்தி அளந்து குறித்துவிடுவோம். கோடையில் ஊருக்குப் புறப்படுகிறவர், வண்டியைச் சாவியால் பூட்ட வழியுண்டா என்று கையேட்டில் பார்த்துக்கொண்டு, பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுச் செல்லட்டும். அல்லது அண்டை வீட்டாரிடம் சாவியைக் கொடுத்து, வாரம் ஒருமுறை அரைமணி நேரம் ஓட்டி வரச் சொல்லட்டும். அவர் ஊருக்குப் போகும்போது இவர் ஓட்டி வரட்டும்.

சாவியை நம்பிக் கொடுப்பதற்கு ஒரு வீடு வேண்டும். அத்தகைய வீடுகள் நம் காலனியில் பல உண்டு. அவற்றை உண்டாக்கியது இச்சங்கம். ஆகவே இவ்வேண்டுகோள் நிறைவேறும் என்று நாம் உறுதியாக நம்புகிறோம்.